எங்கள் வீட்டெதிரே கழன்ற சங்கிலி

நான் ஜொகூர் பாருவில் ஏழாம் வகுப்புப் படித்த காலத்தில், மாலை ஐந்து மணியானால் ஊரில் பாதிக்கு இங்கிலீஷ் கேட்கும். அதற்கு வெள்ளைக்காரர்கள் காரணமில்லை. எங்கள் ஆங்கில மாஸ்டர்தான் காரணம்.

சிங்கப்பூரில் படித்துவிட்டுப் புதிதாக வந்தவர். எங்களைப் போலவே யாழ்ப்பாணத்துக் குடும்பம். ஒல்லியாக, கழுத்துப் பட்டி தளரத் தளர இருப்பார். கதைப் புத்தகத்தில் தினம் ஓர் அத்தியாயம் வீட்டில் வாய்விட்டு வாசிக்க வேண்டும், வாசிப்பது வீதிக்குக் கேட்க வேண்டும் என்பது அவர் போட்ட சட்டம். போட்டதோடு விட்டாரா? ஐந்திலிருந்து ஆறு வரை சைக்கிளில் தெருத்தெருவாகப் போய்க் காது கொடுத்துக் கேட்பார். எந்த வீட்டில் சத்தமில்லையோ அந்த வீட்டுப் பிள்ளைக்கு மறுநாள் பிரம்பு. வருடக் கடைசியில் வகுப்பேற்றமும் கிடையாது.

ஊர் அதை ஒரு திருவிழாவாகவே எடுத்துக்கொண்டது. மளிகைக் கடைச் சீனப் பையன் அரிசி மூட்டைமேல் ஏறி உட்கார்ந்து, வாங்க வந்தவர்களையும் நிறுத்தி வைத்து வாசிப்பான். பொலிஸ்காரரின் மகனான மலாய்ப் பையன் ஒருவன் வாசித்தால் பொலிஸ் குடியிருப்பு முழுவதும் விறைப்பாக நின்று கேட்கும். எங்கள் ரயில்வே குடியிருப்பில் இந்தப் பாக்கியம் எனக்கு ஒருவனுக்குத்தான்.

எனக்கோ ஐந்து மணி என்பது பந்து விளையாடும் நேரம். வீதிக்கு அப்பால் இருந்த திடலில், கம்பம் என்கிற மலாய்க் கிராமத்துப் பையன்களின் அணிக்கு நான்தான் கோல் காவலன். காவலன் இல்லாமல் ஓர் அணி எப்படி விளையாடும்? இதை மாஸ்டரிடம் எடுத்துச் சொல்லும் தைரியம் எனக்கு இல்லை.

என்னைக் காப்பாற்றியது தொண்டைக் கட்டு. ஒருநாள் உண்மையாகவே குரல் போய்விட்டது. அழுகிற நிலையில் நின்ற என் கையிலிருந்து சின்னம்மா புத்தகத்தை வாங்கினா. அவ அம்மாவின் தங்கை. எங்களோடுதான் வளர்ந்தவ. பதினைந்து வயது வரை கன்னியாஸ்திரிகளிடம் படித்தா. அதற்குமேல் பெண்பிள்ளைக்கு இவ்வளவு காணும், இனிப் போதும் என்று அப்பா நிறுத்திவிட்டார். அதிலிருந்து நாலு வருடமாகச் சமையலறைதான். செத்தல் மிளகாய் சுற்றி வரும் இங்கிலீஷ் பேப்பரை நீவி எடுத்து, மிளகாய் நெடியில் தும்மித் தும்மி வாசிப்பா. அன்று ஜன்னல் திரைக்குப் பின்னால் உட்கார்ந்து, என்னைப் போலக் குரலைக் கொஞ்சம் தடிப்பாக்கிக்கொண்டு அத்தியாயத்தை முடித்துவிட்டா.

மறுநாள் வகுப்பில் மாஸ்டர் என்னை எழுப்பி நிறுத்தினார். பிரம்புதான் என்று நினைத்தேன். "நேற்றைய வாசிப்பு மிக நன்று" என்று இங்கிலீஷில் சொன்னார். வகுப்பே திரும்பிப் பார்த்தது. அந்தப் புகழை நான் எந்தக் கூச்சமும் இல்லாமல் வாங்கிக்கொண்டேன். அன்றிலிருந்து வாசிப்பு சின்னம்மாவுக்கு, பந்து எனக்கு என்று ஆயிற்று. அப்பா ஸ்டேஷனில் கிராணி, கணக்கெழுதி முடித்து ஆறரைக்குத்தான் வருவார். அம்மா எல்லாம் தெரிந்தும், அந்த ஒரு மணி நேரம் சின்னம்மாவை அடுப்படிக்குக் கூப்பிடவே மாட்டா. ஏன் என்று நான் யோசித்ததில்லை.

எனக்கு வந்த கவலைகள் இரண்டு. முதலாவது, மாஸ்டரின் சைக்கிள். ஊரெல்லாம் ஒழுங்காக ஓடுகிற அது எங்கள் வீட்டெதிரே வந்ததும் சங்கிலி கழன்றுவிடும். திடலில் நின்றபடி நான் பார்ப்பேன். மனிதர் திடலுக்கு முதுகைக் காட்டிக் குந்தியிருந்து மாட்டுவார், மாட்டுவார், அத்தியாயம் முடியும்வரை மாட்டுவார். எனக்கு இரக்கமாகப் போய்விட்டது. ஸ்டேஷன் போர்ட்டரிடம் கெஞ்சி ஒரு டப்பா கிரீஸ் வாங்கிப் பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

"இதைப் பூசுங்கோ சேர். இனிக் கழராது."

அவர் முகம் ஏனோ வாடிவிட்டது. "நல்ல பிள்ளை" என்று மெல்லச் சொன்னார். மறுநாளும் சங்கிலி கழன்றது.

இரண்டாவது கவலை பெரியது. மற்றவர்களுக்கு ஓர் அத்தியாயம் என்றால் எனக்கு மட்டும் இரண்டாயிற்று. பிறகு மூன்று. போதாததற்குக் கேள்வி வேறு. கதையில் ஒரு கப்பல் தலைவனும் கலங்கரை வெளிச்சவீட்டுக்காரனின் மகளும் வருவார்கள். "அந்தப் பெண் ஏன் ஒன்றும் பேசாமல் கரையில் நின்றாள்? யோசித்து நாளைக்குச் சொல்" என்பார். நான் யோசிப்பதா? இரவு சோறு போடும்போது சின்னம்மாவைக் கேட்பேன். அவ அகப்பையைப் பிடித்தபடி அப்படியே நின்றுவிடுவா.

"அவளை ஆரும் கேக்கேல்லை. கேட்டாத்தானே சொல்லுவாள். அப்பிடிச் சொல்லு."

அப்படியே சொன்னேன். மாஸ்டர் கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டு வெகுநேரம் ஒன்றும் எழுதாமல் நின்றார். பதில் பிழை போலிருக்கிறது என்று பயந்துபோனேன். அடுத்த நாள் நாலு அத்தியாயம் வந்தது. இந்த மனிதருக்கு என்மேல் என்ன கோபமோ என்று நான் சின்னம்மாவிடம் மூக்கால் அழுதேன். அவவோ, "பரவாயில்லை, கொண்டா பாப்பம்" என்று தீபாவளிச் சேலையை வாங்குவது போலப் புத்தகத்தை இரண்டு கையாலும் வாங்கினா.

இப்படி இருக்கும்போதுதான் அப்பா ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டே சொன்னார். தை பிறந்ததும் சின்னம்மாவை யாழ்ப்பாணத்துக்கு அனுப்பப் போகிறாராம். அங்கே மாப்பிள்ளை பார்க்க ஆள் இருக்கிறதாம், கப்பலுக்கும் சொல்லி வைத்தாயிற்றாம். சின்னம்மா ஒன்றும் பேசாமல் ரசத்தை ஊற்றினா. ரசம் என் தட்டைத் தாண்டிப் பாயில் சிந்திற்று. எனக்கு ஒரே யோசனை. சின்னம்மா போனால் நாலு அத்தியாயத்தை யார் வாசிப்பது?

அந்த வாரமே அகப்பட்டுக்கொண்டேன். எதிரணிப் பையன் உதைத்த பந்து என் தலைக்குமேல் பறந்து, வீதியில் உருண்டு, குந்தியிருந்த மாஸ்டரின் காலில் முட்டி நின்றது. துரத்தி ஓடிவந்த வேகத்தில் நான் அவர் முன்னால்தான் வந்து நின்றேன். உள்ளேயிருந்து என் குரல் கணீரென்று வாசித்துக்கொண்டிருந்தது.

மாஸ்டர் என்னைப் பார்த்தார். ஜன்னலைப் பார்த்தார்.

"அப்ப உள்ளுக்கை வாசிக்கிறது ஆர்?"

"நான்தான் சேர்" என்றேன். வேறு என்ன சொல்ல?

அவர் கோபிக்கவில்லை. "உஷ், மெல்லமாக் கதை" என்று வாயில் விரலை வைத்தார். அந்த அன்பான குரலைக் கேட்டதும் எனக்கு அழுகை வந்துவிட்டது.

"சின்னம்மா சேர். இன்னும் கொஞ்ச நாள்தான் சேர். தைக்கு அவவைக் கப்பலேத்தப் போகினம், கலியாணத்துக்கு. அதுக்குப் பிறகு நானே வாசிப்பன். சத்தியமா."

மாஸ்டர் எழுந்தார். கிரீஸ் அப்பிய கையால் நெற்றியைத் துடைத்ததில் முகத்தில் கறுப்பாக ஒரு கோடு விழுந்தது. சைக்கிளில் ஏறி மிதித்தார். சங்கிலி தொங்கியபடி இருந்ததால் மிதி மட்டும் சுற்றியது, சைக்கிள் நகரவில்லை. இறங்கி, அதைத் தள்ளிக்கொண்டு ஏறக்குறைய ஓடினார். நேரே தலைமையாசிரியரிடம்தான் போகிறார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் கோட்டு, கழுத்துப் பட்டியோடு மாஸ்டர் எங்கள் படலையைத் திறந்தார். கூடவே தலைப்பாகை கட்டிய அவருடைய தாய்மாமன், கையில் வாழைப்பழச் சீப்பு. ஒரு பையனை அடிக்க இரண்டு பேரா என்று நான் வீட்டுக்கு அடியில் புகுந்துகொண்டேன். எங்கள் வீடு தூண்களின்மேல் நின்ற பலகை வீடு. மேலே பேசுவது கீழே கேட்கும்.

"வாங்கோ மாஸ்டர், இருங்கோ. பெடியன் ஏதும் குழப்படியோ?" என்றார் அப்பா.

மாஸ்டரிடமிருந்து சத்தமே இல்லை. ஊரையே சத்தம்போட்டு வாசிக்கவைத்த மனிதருக்குக் குரல் வரவில்லை. தாய்மாமன்தான் ஏதோ தாழ்ந்த குரலில் சொன்னார், அதில் அலுமாரி, புத்தகம் என்பது மட்டும் என் காதில் விழுந்தது. அப்பாவின் நாற்காலி கிறீச்சிட்டது. அம்மாவின் காலடி என் தலைக்குமேல் சமையலறைக்கு ஓடியது.

"என்னடி, உனக்குச் சம்மதமோ? சொல்லு."

சின்னம்மாவின் குரல் தெளிவாக விழுந்தது. அவவுடைய சொந்தக் குரல். அதைக் கேட்டே வெகுநாளாகியிருந்தது போல எனக்குப் பட்டது.

"வீட்டிலை ஒரு அலுமாரி நிறையப் புத்தகம் வைச்சிருக்கிறாராம். உண்மையோ எண்டு கேளுங்கோ அக்கா."

காலடி முன்னறைக்குப் போனது. கேள்வி போய்ச் சேர்ந்தது. அப்போதுதான் மாஸ்டருக்கு வாய் வந்தது. "ரெண்டு அலுமாரி!" என்று அவர் கத்தியது எங்கள் வீதிக்கே கேட்டிருக்கும். அப்பா வெடித்துச் சிரித்தார். யாழ்ப்பாணக் கப்பல் அத்தோடு நின்றது. பலகாரம் வந்ததை மணம் பிடித்து நான் வெளியே வந்தேன். பிரம்படி விழவில்லை. என் வாசிப்பைப் பற்றி ஒருவரும் பேசாததே எனக்குப் பெரிய ஆச்சரியம். சின்னம்மா பாவம், எனக்காக எவ்வளவு பாடுபட்டு அவரைச் சமாதானம் செய்திருக்கிறா என்று நெஞ்சு நெகிழ்ந்து, என் லட்டுவில் பாதியை அவவுக்குக் கொடுத்தேன்.

தையில் கலியாணம் நடந்தது. அவர்கள் மேட்டுப் பக்கத்து வீட்டுக்குப் போனார்கள். எனக்கு மறுபடியும் ஓர் அத்தியாயம்தான். அதையும் நானே கத்தினேன். மாஸ்டரின் சைக்கிள் எங்கள் வீட்டெதிரே நிற்காமல் ஓடியது. கடைசியில் கிரீஸைப் பூசிவிட்டார் என்று மகிழ்ந்தேன்.

ஒருநாள் விளையாடிவிட்டு அவர்கள் வீட்டுப் பக்கமாக வந்தேன். விளக்கேற்றியிருந்தார்கள். திரையில்லாத ஜன்னலில் சின்னம்மா உட்கார்ந்து, குரலைத் தடிப்பாக்காமல் வாசித்துக்கொண்டிருந்தா. மாஸ்டர் சாய்மனைக் கதிரையில் கண்ணை மூடிக் கிடந்தார். ஒரு பக்கம் முடிந்தது. அவர் என்னவோ சொல்ல, அவ சிரித்துக்கொண்டே அடுத்த பக்கத்தைத் திருப்பினா.

எனக்குத் துக்கம் தாங்கவில்லை. கலியாணம் கட்டியும் இந்த மனிதர் அவவுக்கு வீட்டுப்பாடத்தைக் குறைக்கவில்லையே! என்னைக் கண்டால் எனக்கும் நாலு அத்தியாயம் தந்துவிடுவார் என்று, பந்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஓசைப்படாமல் ஓடினேன்.