அவளுக்கு எந்த ஊர் போடுவது

மனைவி இறந்த மறுநாள், மொன்றியலில் எங்கள் லாசால் வீட்டுச் சமையலறையில் மகள் கணினியோடு இருந்தாள். மரண அறிவித்தல் எழுத வேண்டும். எங்கள் ஆட்களின் அறிவித்தல் ஊரில்தான் தொடங்கும். இன்ன ஊரைப் பிறப்பிடமாகவும், இன்ன ஊரை வதிவிடமாகவும் கொண்ட என்று போட்ட பிறகுதான் பெயர் வரும். எனக்கு எழுத வராது. மகள் கேட்கக் கேட்கச் சொன்னேன்.

அவள் மட்டக்களப்பு, நான் யாழ்ப்பாணம். இரண்டு பேரும் அகதியாகப் போன ஜெர்மனியில், பிறேமன் நகரத்தில்தான் கண்டு கலியாணம் கட்டினோம். அங்கே அந்த ஊருக்கு உரியது என்று சொல்ல ஊர்ப் பெயரின் வாலில் ஒரு 'அர்' வைத்துவிடுவார்கள். பிறேமர் பாண், பிறேமர் கோப்பி, பிறேமர் ஆட்கள். கோப்பி என்றதும் நினைவு வருகிறது, காற்றடித்தால் அந்த நகரமே வறுத்த கோப்பி மணக்கும். அவள் ஒரு பேக்கரியில் தட்டுக் கழுவினாள். ஒருநாள் முதலாளியம்மா புதிதாக வந்தவளிடம், இவள் எங்கள் பிறேமர் பெண் என்று சொன்னாளாம். அன்று அவள் வீட்டுக்கு வந்து கோட்டைக்கூடக் கழற்றாமல் அதை என்னிடம் சொன்னாள்.

பிறகு மொன்றியலுக்கு வந்தோம். இங்கே என் தங்கச்சிக்கு அவள் கடைசிவரை 'மட்டக்களப்பாள்'தான், பெயர் சொல்ல மாட்டாள். அதைக் கேட்டால் இவள் என்னைப் பார்ப்பாள்.

"பிறேமர், தேத்தண்ணி இருக்கோ?" என்பேன்.

"யாழ்ப்பாணத்தாருக்கு இல்லை" என்பாள்.

அறிவித்தல் எழுதிய அன்று தங்கச்சியும் மேசையடியில் இருந்தாள். பிறந்த ஊரை விட்டுவிட்டு எங்கள் ஊரை மட்டும் போடச் சொன்னாள்.

"கட்டினாப் பிறகு புருசன்ர ஊர்தானே அண்ணை. சனம் கதைக்கும்."

எங்கள் ஊரில் அவள் காலே வைத்ததில்லை. மகள் என் முகத்தைப் பார்த்தாள்.

"மட்டக்களப்பில பிறந்தவ எண்டு போடு. பிறேமனையும் மொன்றியலையும் இருந்த இடமாப் போடு. எங்கட ஊர் வேண்டாம்" என்றேன்.

தங்கச்சி எழும்பிப் போய்விட்டாள். செத்தவீட்டுக்கு வந்தாள், என்னோடு கதைக்கவில்லை. அறிவித்தலைப் பார்த்த ஆட்கள் மட்டும், பிறேமனிலும் இருந்தீர்களா என்று கேட்டார்கள். ஓம் என்றேன்.

நேற்றுக் காலை தேத்தண்ணிக்குத் தண்ணீர் கொதித்தது. பழக்கத்தில் வாயில் வந்துவிட்டது.

"பிறேமர், உனக்கும் போடவோ?"

மகள் அறைக்குள்ளிருந்து வந்து கதவடியில் நின்றாள்.

"எனக்குப் போடுங்கோ அப்பா" என்றாள்.