ஓய்வு பெற்ற பிஷப் எங்கே உட்காருவது?

மகள் அரியூர் மருத்துவக் கல்லூரியில் வேலை பார்க்கிறாள். அதனால் ஓய்வு பெற்றதும் வில்லியனூரில் வாடகைக்கு வீடு பிடித்தோம். முதல் ஞாயிற்றுக்கிழமையே தப்பு செய்தேன். ஆலயத்துக்குள் நுழைந்த கால்கள் தாமாகவே முன்னால் போய், பிஷப்புக்கென்று போட்டிருக்கும் நாற்காலியில் என்னை உட்கார வைத்துவிட்டன. அது இப்போது எனக்குப் பின் பிஷப் ஆனவருடைய நாற்காலி. யாரும் சொல்லவில்லை, எனக்கும் உறைக்கவில்லை.

ஆராதனையில் பிஷப் இருந்தால் கடைசி ஆசீர்வாதத்தை அவர்தான் கூறுவார். அது எங்கள் சபை வழக்கம். சபைச் செயலாளர் சாமுவேல் கண்ணைக் காட்டினார், நான் எழுந்து கையை உயர்த்தினேன். மூன்று மாதம் இதே கதை. முடிந்ததும் ஜனம் என்னைச் சூழ்ந்துகொள்ளும். ஆயர் எஸ்தர் வாசலில் தனியாக நிற்பார். அங்கே வந்த முதல் பெண் ஆயர் அவர். குருப்பட்டம் கொடுத்ததே நான்தான். ஆனாலும் அந்தக் கூட்டம் எனக்கு இனிக்கத்தான் செய்தது.

ஒருநாள் சாமுவேல் மனுவோடு வீட்டுக்கு வந்தார்.

"ஆயரம்மாவ வேற ஊருக்கு மாத்தச் சொல்லி எழுதிக்கீறோம் ஐயா. நீங்களும் ஒரு கையெழுத்து போடுங்க."

"என்ன தப்பு பண்ணாங்க?"

"தப்புன்னு ஒண்ணும் இல்ல ஐயா. பொம்பள கைய தூக்கி ஆசீர்வாதம் சொன்னா மனசுக்கு ஒட்டல. அதான் நீங்களே சொல்றீங்களே, அவங்க எதுக்கு?"

சுருக்கென்றது. மூன்று மாதமாக அந்த மனுவை எழுதிக்கொடுத்தது என் கைதான்.

கையெழுத்துப் போடவில்லை. பிரசங்கம் செய்து அவரை மாற்றவும் முயலவில்லை. என் பிரசங்கத்தின் பலம் எனக்குத் தெரியும்.

அடுத்த ஞாயிறு அங்கி போடாமல் வேட்டி சட்டையோடு மூன்றாவது பெஞ்சில் உட்கார்ந்தேன். கடைசிப் பாட்டு முடிந்ததும் சாமுவேல் கண்ணைக் காட்டினார். நான் அசையவில்லை. எஸ்தரும் என்னைப் பார்த்துத் தயங்கி நின்றார். மூட்டுவலியோடு மெதுவாக முழங்கால் போட்டுத் தலையைக் குனிந்துகொண்டேன்.

பெண்கள் பக்கத்திலிருந்து சாமுவேலின் மனைவி அதட்டுவது கேட்டது.

"பிஷப் ஐயாவே முட்டி போட்டுட்டாரு. நீங்க இன்னா நின்னுக்கினு கீறீங்க?"

பெஞ்சுகள் கிரீச்சிட்டன. எஸ்தர் கையை உயர்த்தினார். முதலில் நடுங்கிய குரல் போகப் போகத் தெளிந்தது. முடித்ததும் இறங்கி வந்து, "மெதுவா ஐயா" என்று என்னைத் தூக்கிவிட்டார்.

அந்த மனு பிஷப் ஆபீசுக்குப் போகவேயில்லை. எஸ்தர் இன்னும் இங்கேதான் இருக்கிறார்.

ஓய்வு பெறப்போகும் ஆயர்களே, பதவி முடியும் தேதியை ஆபீஸ் சொல்லிவிடும். கையை நீங்களேதான் இறக்க வேண்டும். ஆசீர்வாதம் கொடுத்தே பழகியவன் நான். வாங்குவது எவ்வளவு சுகம் என்று அன்றுதான் தெரிந்தது.