கமலாவின் கோடு

போன ஐப்பசி இருபத்து மூன்றாம் தேதி, மாலை நான்கு மணி பத்து நிமிடம். காலையிலிருந்து விடாத தூறல், மலையின் மேல்பாதி மேகத்துக்குள் இருந்தது. இவ்வளவு சரியாகச் சொல்வதற்குக் காரணம், நீங்கள் நம்பப் போவதில்லை என்று எனக்குத் தெரியும். நானே நம்பாதவன்தான். பாலிடெக்னிக்கில் முப்பத்தொரு வருடம் எலெக்ட்ரானிக்ஸ் சொல்லிக்கொடுத்தவன். கிரிவலப் பாதையில் சித்தரைப் பார்த்தேன், ஒளியைப் பார்த்தேன் என்று ஆளுக்கொரு கதை சொல்வார்கள். நான் சர்க்கரைக்காக நடப்பவன், பதினான்கு கிலோமீட்டரில் நாய்களைத் தவிர எதையும் பார்த்ததில்லை.

என் மனைவி கமலாவுக்குப் பக்கவாதம் வந்த பிறகு இடது கை மட்டும்தான் வேலை செய்தது, அதுவும் நடுக்கத்தோடு. கட்டிலருகே ஒரு பொத்தான் வைத்து, முன்னறை வரை கம்பி இழுத்து, மணி பொருத்தினேன். ஒருமுறை அழுத்தினால் ஐந்து முறை அடித்தது. என்ன கோளாறு என்று பார்க்க ஒரு மைக்ரோகன்ட்ரோலர் போர்டையே, கம்பியில் ஓடும் சிக்னலைக் காட்டும் லாஜிக் அனலைசராக மாற்றினேன். பெரிய வித்தை இல்லை. சும்மா இருக்கும்போது கோடு மேலே, பொத்தானை அழுத்தினால் கீழே, அதை நொடிக்கு ஆயிரம் முறை பார்த்துச் சின்னத் திரையில் வரைந்து காட்டும். நான் அழுத்தினால் ஒரே படி. கமலா அழுத்தினால் முதலில் நான்கு பற்கள், இரண்டு ஒல்லி, ஒன்று தடிமன், மறுபடி ஓர் ஒல்லி, அதன் பிறகுதான் நேர்கோடு. எத்தனை தடவை பார்த்தாலும் அதே வரிசை.

போர்டைக் கட்டிலுக்கே கொண்டுபோய்க் காட்டினேன். "கையெழுத்து போயிடுச்சேனு பார்த்தேன், இங்கதான் இருக்குதா" என்று குழறிச் சிரித்தாள். "பேங்க்ல இதை ஒத்துப்பாங்களானு கேளுங்க."

அந்தப் பற்களை மணி கண்டுகொள்ளாதபடி செய்தேன். பிறகு ஓர் அழுத்தத்துக்கு ஒரு மணி. நான் அறை வாசலுக்கு வந்து "வந்துட்டேன்" என்று சொல்லும்வரை விரலை எடுக்கவே மாட்டாள்.

சித்திரையில் போய்விட்டாள்.

ஐப்பசியில் மகள் செல்வி, வீட்டைக் காலி செய்து என்னைச் சென்னைக்கு அழைத்துப்போக வந்தாள். பொத்தானைக் கழற்றிப் பிஸ்கட் டப்பாவில் போட்டாயிற்று. கட்டில் பக்கம் கம்பியை வெட்டி முனையில் டேப் சுற்றினேன், என் கையாலேயே. அனலைசரைக் கல்லூரிக்குக் கொடுத்துவிடலாம், வேலை செய்கிறதா பார்ப்போம் என்று முன்னறையில் அந்தக் கம்பியின் மறுமுனையில் மாட்டி, கோடு இறங்கினால் பதிவு செய் என்று வைத்துவிட்டுக் கையை எடுத்து உட்கார்ந்திருந்தேன். வெட்டிய கம்பி, கோடு இறங்க வழியே இல்லை.

இறங்கியது. பதிவானதற்கு அடையாளமாகப் போர்டின் சிவப்பு விளக்கு எரிந்தது. நான் யோசிக்கவே இல்லை, பழக்கம், முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்து அறை வாசலுக்குப் போய் "வந்துட்டேன்" என்றேன். சுருட்டிய மெத்தை மட்டும் இருந்தது. திரும்பி வந்து திரையைப் பார்த்தேன். இரண்டு ஒல்லி, ஒரு தடிமன், ஓர் ஒல்லி. பிறகு பதினெட்டு நொடி கீழேயே நேர்கோடு, அதன்பின் மேலே ஏறிவிட்டது. அந்த வாசலுக்கு நடக்க எனக்குப் பதினெட்டு நொடி ஆகும், நீங்களே வந்து கடிகாரம் வைத்துப் பார்க்கலாம்.

"ஈரம் ஏறியிருக்கும்பா, மழை ஜாஸ்தி" என்றாள் செல்வி. ஈரமோ, பக்கத்து வீட்டு கிரைண்டரோ என்றால் சீப்பு மாதிரி ஓயாமல் வரும், எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். அவளுக்குப் பற்களை ஒவ்வொன்றாகக் காட்டினேன். குனிந்து அவளே ஒருமுறை எண்ணிப் பார்த்தாள். பிறகு, "அம்மா எதுக்குப்பா கூப்ட்டாங்க?" என்றாள்.

தண்ணீருக்கா, புரட்டிப் படுக்க வைக்கவா, எனக்குத் தெரியவில்லை. வாசலில் நின்றேனே தவிர என்ன வேண்டும் என்று கேட்கவில்லை.

செல்வி தனியாகத்தான் சென்னை போனாள். நான் எப்படிப் போவது? பதிவைச் சேமித்து வைக்கும் வசதியை அந்த போர்டில் நான் எழுதவே இல்லை, பார்த்தால் போதும் என்றிருந்தேன். மின்சாரம் போனால் கோடும் போய்விடும். செல்போனில் படம் எடுக்கலாமே என்பீர்கள், செல்வி எடுத்தாள். கமலாவின் படம் சுவரிலும்தான் மாட்டியிருக்கிறது. இன்வெர்ட்டர் மாட்ட வந்த பாஷா பாய், "ஒரு ஃபேன்கூட ஓடலியே சார், தீப்பெட்டி சைஸ் போர்டுக்கு இம்மாம் பெரிய பேட்டரியா?" என்று கேட்டுக்கொண்டே வேலையை முடித்தார்.

இப்போது என்னை அரிப்பது வேறு. நினைவகம் நிரம்பிவிட்டதால் போர்டு கம்பியைக் கவனிப்பதில்லை. மறுபடி கவனிக்க வைக்க இந்தக் கோட்டை அழிக்க வேண்டும். இரண்டாவது போர்டு வாங்கினேன், ஆனால் அதே கம்பியில் சேர்க்க முதல் போர்டைத் தொட வேண்டும், தொடும்போது அதன் மின் இணைப்பு நழுவினால் கோடு போய்விடும், உறையைக்கூடப் பிரிக்கவில்லை. தினமும் நான்கு மணி பத்துக்கு அறை வாசலில் போய் நின்று "வந்துட்டேன், என்ன வேணும்?" என்கிறேன். அவள் விரலை எடுத்தாளா என்று தெரிவதில்லை.

போர்டு இரண்டும் தொள்ளாயிரத்து அறுபது, இன்வெர்ட்டரும் பேட்டரியும் இருபத்திரண்டாயிரத்து அறுநூறு. மொத்தம் இருபத்து மூன்றாயிரத்து ஐந்நூற்று அறுபது ரூபாய்.