ஒட்டுக்குக் கீழே முளைத்தது

பாகலூர் சாலையிலிருந்து உள்ளே பிரியும் அந்தத் தெருவில் பூங்கொடி என்று விசாரித்தால் யாருக்கும் தெரியாது. ரோஸ் அக்கா வீடு எது என்று கேட்டால் சின்னப் பிள்ளைகூடக் கை நீட்டும். ஒரே கேட்டுக்குள் எதிரெதிராக வாடகை வீடுகள், நடுவே சிமெண்டுத் தரை, அந்தத் தரையின் ஓரத்தில் பூங்கொடியின் பெயிண்ட் பக்கெட்டுகள். அவற்றில் அவள் வளர்த்த ரோஜாக்கள்தான் அந்தப் பெயரை வாங்கிக் கொடுத்தன.

உசிலம்பட்டிப் பக்கத்துக்காரி. கல்யாணமான கையோடு ஓசூர் வந்தவள். புருஷன் கருப்பசாமிக்கு வண்டி உதிரிபாகக் கம்பெனியில் ஷிஃப்ட் வேலை. இவளுக்கு ஊருக்கு வெளியே ஒரு ரோஜாப் பண்ணையில், பிளாஸ்டிக் கூரை போட்ட பாலிஹவுஸுக்குள்ளே, மொட்டு அறுக்கிற வேலை. அங்கே மொட்டு வாய் திறக்கும் முன்பே அறுத்துவிட வேண்டும். விரிந்துவிட்டால் குப்பைக்குப் போகும். எங்கோ இருக்கிறவர்கள் வீட்டு மேஜையில் விரிவதற்காகத் தினமும் மொட்டாகவே அறுத்து அறுத்து அவளுக்கு ஒரு வெறுப்பு. தன் கண் முன்னால் ஒரு பூவாவது முழுசாக விரிய வேண்டும் என்று ஆசை. பழைய பாத்தியைப் பிடுங்கிப் போட்ட சமயம், சூப்பர்வைசரிடம் கெஞ்சிச் சில தாஜ்மகால் ரக ரோஜாச் செடிகளை வீட்டுக்குக் கொண்டுவந்தாள்.

அவை பிழைத்ததும் பூத்ததும் அந்தக் காம்பவுண்டுக்கே திருவிழாவாகிப் போனது. கருஞ்சிவப்பு, முழங்கை நீளக் காம்பு. பிறந்தநாள் என்றால் ரோஸ் அக்காவிடம் ஒரு பூ. ஆயுத பூஜைக்குக் கம்பெனி மெஷினுக்கு வைக்க ஒரு பூ. வெள்ளிக்கிழமை பூஜைக்கு ஓனரம்மா சுஜாதாவுக்கு ஒரு பூ. கேட்டு வருகிறவர்களைப் பூங்கொடி உடனே அனுப்பிவிட மாட்டாள். கொஞ்சம் நிற்க வைப்பாள். "இது இன்னும் ரெண்டு நாள் கழிச்சு வெட்டுனாத்தான் அழகு" என்பாள். செடியின் பெருமையைக் கேட்க வைத்துவிட்டுத்தான் கத்தரியை எடுப்பாள். பூவைக் கொடுப்பாளே தவிர, ஒரு குச்சி நட்டு வளர்க்கக் கொடுங்கள் என்று யார் கேட்டாலும் கிடையாது. "இது குச்சியில வராதுத்தா" என்று சொல்லிவிடுவாள். எல்லார் வாசலிலும் ரோஜா இருந்தால் இவள் வாசலுக்கு யார் வருவார்கள்? பிழைக்க வந்த ஊரில் அவளுக்கென்று இருந்த மதிப்பு அந்த வாசல்தான். அது போனால் ஒன்றும் இல்லை என்று அவளுக்குத் தெரியும்.

எதிர்வீட்டுக்கு ஜைபா குடிவந்தது அப்போதுதான். கிருஷ்ணகிரிப் பெண், புதுக்கல்யாணம். புருஷன் கௌஸ் மொய்தீன் பஸ் ஸ்டாண்டு பக்கம் பிளாஸ்டிக் சாமான் கடை வைத்திருந்தான். தள்ளுவண்டிக்காரனிடம் ஜைபா ஒரே ஒரு ரோஜாச் செடி வாங்கி வாசலில் வைத்தாள். பூங்கொடி அதை ஏறெடுத்துப் பார்க்கவில்லை. தள்ளுவண்டிச் செடி வாங்கின வாரம் பூக்கும், மறுவாரம் சாகும் என்பது அவள் கணக்கு.

அது சாகவில்லை. இளஞ்சிவப்பில், இதழுக்குள் இதழாக அடைத்துக்கொண்டு, உள்ளங்கை நிறையும் அளவுக்குப் பூத்தது. பூத்ததைக்கூடப் பூங்கொடி பொறுத்துக்கொண்டிருப்பாள். அதற்கு வாசனை இருந்தது. கேட்டைத் திறந்தவுடன் மூக்கில் ஏறுகிற வாசனை. பண்ணை ரோஜாவுக்கு நிறம் உண்டு, நீளம் உண்டு, வாசனை மட்டும் கிடையாது. இத்தனை காலமாக யாரும் அதை ஒரு குறையாகச் சொன்னதில்லை, ஒப்பிட்டுப் பார்க்க வேறு பூ இல்லாததால்.

முதல் குத்து வீட்டுக்குள்ளிருந்தே வந்தது. மகள் பிரியதர்ஷினி பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பி நின்றாள். ஜடையில் ஜைபா வீட்டுப் பூ.

"ஏண்டி, நம்ம வீட்ல இல்லாத பூவா?"

"நம்ம பூ தலையில நிக்காதும்மா, குச்சி மாதிரி இருக்கு. இது வாசனையா இருக்குல்ல?"

பூங்கொடிக்கு வயிறு எரிந்தது. டிபன் டப்பாவைப் படீரென்று மூடினாள். அந்த வெள்ளிக்கிழமை சுஜாதாவும் எதிர்வீட்டு வாசலில்தான் நின்றாள். "எந்த பாகுந்தோ!", எவ்வளவு அழகு என்று தெலுங்கில் வியந்தது இந்தப் பக்கம்வரை கேட்டது. ஜைபா யாரையும் நிற்க வைக்கவில்லை. கேட்டவுடன் பறித்துக் கொடுத்தாள், கேட்காதவர்களுக்கும் கொடுத்தாள். அதைப் பார்க்கப் பார்க்கப் பூங்கொடிக்கு ஆத்திரம் பொங்கியது. செடியை வளர்க்கத் தெரியாது, உரம் தெரியாது, மருந்து தெரியாது, டீத்தூளைக் கொட்டிக்கொண்டு திரிகிறாள், இவளுக்குப் போய் இப்படிப் பூக்கிறதே என்று உள்ளுக்குள் குமைந்தாள். கருப்பசாமியிடம் புலம்பினால், "பூவுக்கெல்லாமா சண்டை போடுவ?" என்று திரும்பிப் படுத்துக்கொண்டான்.

ஆடிக் காற்றடித்த ஒரு காலையில் ஜைபாவே கூப்பிட்டாள். "அக்கா, கொஞ்சம் வாங்களேன். இது இன்னான்னு பாருங்க."

செடியின் அடியிலிருந்து பச்சைப்பசேல் என்று ஒரு கிளை கிளம்பியிருந்தது. மற்றக் கிளைகளைவிட உயரம், விரல் கனம். பூங்கொடி பார்த்த மாத்திரத்தில் புரிந்துகொண்டாள். நல்ல ரோஜாவைக் காட்டு ரோஜாவின் வேர்மேல் ஒட்டித்தான் விற்பார்கள். ஒட்டுக்கு மேலே வருவது பூக்கும் ரோஜா. ஒட்டுக்குக் கீழே முளைப்பது வெறும் காடு. விட்டால் மேலே இருக்கிற ரோஜாவுக்குப் போகிற சத்தையெல்லாம் தானே உறிஞ்சிக்கொண்டு அதைக் கொன்றுவிடும். பண்ணையில் காலையில் உள்ளே போனதும் முதல் வேலை, அப்படி முளைத்ததை அடியோடு பிய்த்துப் போடுவதுதான். அவளுக்குக் கை பழகிய வேலை. குனிந்து ஒரு இழுப்பு இழுத்தால் முடிந்தது.

"எங்க மாமியார் போன்ல சொன்னாங்க, வெட்டிப்போடுன்னு. நான்தான் உங்கள ஒரு வார்த்தை கேட்டுக்கலாம்னு வச்சிகினு இருக்கேன்" என்றாள் ஜைபா.

பூங்கொடி குனிந்தாள். கிளையைத் தொட்டாள். நிமிர்ந்தாள்.

"இதைப் போயா வெட்டுறது? செடி புதுசா தெம்பு புடிக்குதுத்தா. விடு, நல்லா வளரட்டும்."

சொல்லிவிட்டு அதோடு நிறுத்தவில்லை. பழைய கிளைகளை வளைத்துக் கீழே படுக்க வைத்தால் சத்தெல்லாம் புதுக்கிளைக்கு ஏறும் என்றாள். பண்ணையில் செய்கிற வேலைதான் அது. அதை எந்தக் கிளைக்குச் செய்வது என்பதை மட்டும் காட்டுக்கிளைக்குச் சாதகமாகத் தலைகீழாகச் சொன்னாள். ஜைபா அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்க இல்லன்னா எனக்கு யாருக்கா சொல்லுவாங்க" என்றாள். பூங்கொடி கையை உருவிக்கொண்டு, அடுப்பில் பால் வைத்திருக்கிறேன் என்று வந்துவிட்டாள். அடுப்பில் ஒன்றும் இல்லை.

அதன் பிறகு தினமும் எதிர்வீட்டைப் பார்ப்பது அவளுக்கு ஒரு வேலையாயிற்று. இளஞ்சிவப்புப் பூ சிறுத்தது. பிறகு மொட்டு கருகியது. நவராத்திரிக்குள் பழைய கிளைகள் காய்ந்து சுள்ளியாயின. காட்டுக்கிளை மட்டும் சுவரைத் தொட்டு, கேட்டுக் கம்பியைப் பிடித்து, மேலே ஏறியது. ஒரு பூ இல்லை. வெள்ளிக்கிழமை சுஜாதா மறுபடி இந்த வாசலுக்கு வந்தாள். ஆயுத பூஜைக்கும் இவளிடம்தான் பூ. பூங்கொடி எல்லாரையும் பழையபடி நிற்க வைத்தாள். சந்தோஷமாகத்தான் இருந்தது, இல்லை என்று சொன்னால் பொய்.

"ஏன்க்கா பூக்கவே மாட்டேங்குது?" என்று ஜைபா கேட்கும்போதுதான் சங்கடம். "பொறு, பொறு. அவசரப்பட்டா ஆகுமா?" என்று சொல்லி அனுப்புவாள். ஜைபா நம்பிப் போவாள். அவள் நம்புவதைப் பார்த்தாலும் பூங்கொடிக்கு எரிச்சல்தான் வந்தது. ஒரு நாளாவது சந்தேகப்பட்டுத் தொலைக்கக் கூடாதா?

கிளை வழியை அடைக்கிறதென்று கௌஸ் மொய்தீன் ஒரு நாள் கத்தரித்துவிட்டான். வெட்டின குச்சிகளை எறிய ஜைபாவுக்கு மனசு வரவில்லை. காம்பவுண்டில் பூங்கொடியைத் தவிர வீட்டுக்கு ஒன்றாகக் கொடுத்துவிட்டு, தெருவிலும் கேட்டவர்களுக்கெல்லாம் கொடுத்தாள். காட்டு ரோஜா அல்லவா, நட்ட குச்சி ஒன்று தப்பாமல் வேர் பிடித்தது. ஆளாளுக்குப் பக்கெட்டில், உடைந்த குடத்தில், ஆயில் டின்னில் வைத்து ஜன்னல் கம்பியில் ஏற்றினார்கள். பூங்கொடி தனக்குள் சிரித்துக்கொண்டாள். தெரு முழுக்கப் பூக்காத முள்ளை வளர்க்கிறார்கள், வளர்க்கட்டும்.

மாசி பிறந்து குளிர் விலகின ஒரு விடியலில் அவள் தண்ணீர் பிடிக்க வெளியே வந்தாள். மூக்கில் என்னவோ தட்டியது. எதிர்வீட்டுச் சுவர் வெள்ளையாக இருந்தது. கிட்டப் போனாள். காசு அகலத்தில் சின்னச் சின்ன வெள்ளைப் பூக்கள், நடுவே மஞ்சள் தூள், கொத்துக் கொத்தாக, இலையே தெரியாமல். ஜன்னலிலும் கேட்டிலும் அடுத்த வீட்டுப் படியிலும் அதே கொத்து. கேட்டுக்கு வெளியே தெருவிலும் அதே வெள்ளை. தேனீக்கள் வந்து இரைந்துகொண்டிருந்தன.

பூங்கொடி அங்கேயே நின்றுவிட்டாள். இத்தனை வருஷம் பண்ணையில் அந்தக் கிளையை ஆயிரக்கணக்கில் பிய்த்திருக்கிறாள். அது பூக்குமா என்று ஒருவரும் விட்டுப் பார்த்ததில்லை. இவளும் பார்த்ததில்லை. பூக்காது என்று யார் சொன்னார்கள் என்று யோசித்தாள். யாருமே சொன்னதில்லை.

வெளிச்சம் வர வர ஒவ்வொரு வீடாகக் கதவு திறந்தது. ஆளாளுக்குப் போன் எடுத்துப் படம் பிடித்தார்கள். பக்கத்துத் தெருவிலிருந்தும் வந்தார்கள். ஜைபா கலைந்த தலையோடு ஓடிவந்து பார்த்துவிட்டு, கையைத் தட்டிக்கொண்டு குதித்தாள். சுஜாதா அவள் கன்னத்தை வழித்து, "ஏம்மா, என்னம்மா பண்ணின இதுக்கு?" என்று கேட்டாள்.

"நான் இன்னாம்மா பண்ணேன்? மாமியார் வெட்டச் சொன்னாங்க. ரோஸ் அக்காதான் வெட்டாத, விடுன்னாங்க. எப்படி வளைக்கணும்னு கூட அவங்கதான் சொல்லிக் குடுத்தாங்க. எல்லாம் அக்கா கைராசி!"

எல்லாரும் பூங்கொடி பக்கம் திரும்பினார்கள். "அதானே, அவங்களுக்குத் தெரியாததா" என்றது ஒரு குரல். சுஜாதா சிரித்தாள். பிரியதர்ஷினி வந்து அம்மாவின் தோளில் கை போட்டு, "எங்கம்மாவாக்கும்" என்றாள். மகள் வாயிலிருந்து அப்படி ஒரு வார்த்தை கேட்கத்தான் பூங்கொடி இத்தனை நாள் தவித்தாள். இது காடு, ரோஜாவே இல்லை, தூக்கி எறிகிற குப்பை என்று கத்த வேண்டும்போல் இருந்தது. கத்தினால், தெரிந்தே ஏன் விட்டாய் என்று கேட்பார்கள். நல்ல செடி ஏன் செத்தது என்றும் கேட்பார்கள். புகழ்ந்தவர்களுக்கெல்லாம் தலையாட்டி வைத்தாள்.

ஜைபா உள்ளே போய், வேர் பிடித்த ஒரு செடியைப் புது மஞ்சள் பக்கெட்டோடு தூக்கிவந்தாள். புருஷன் கடையிலிருந்து கேட்டு வாங்கினதாம். "எல்லார் வீட்லயும் இருக்கு, உங்க வீட்ல மட்டும்தான் இல்லக்கா. மொத ஆளா உங்களுக்குத்தான் குடுத்திருக்கணும். உங்க கிட்ட இல்லாத செடியான்னு வெக்கப்பட்டுகினு இருந்தேன்" என்றாள். பதிலுக்குக்கூட நிற்காமல், தாஜ்மகால் செடிகளுக்குப் பக்கத்தில் அதை வைத்துவிட்டுப் போனாள்.

அந்த வாரம் பூங்கொடி வாசலுக்குப் பூக் கேட்டு யாரும் வரவில்லை. கோபத்தால் அல்ல. பார்க்கிறவர்கள் எல்லாரும் அவளைப் புகழ்ந்துவிட்டுத்தான் போனார்கள். அவரவர் வாசலில் அவரவர் பூ இருந்தது, அவ்வளவுதான். கேட்கக் கேட்கக் கொடுத்துத் தனக்கென்று பெயரைக்கூட வைத்துக்கொள்ளாமல் ஒருத்தியால் எப்படி இருக்க முடிகிறது என்று பூங்கொடி எதிர்வீட்டையே பார்த்தாள். பூவைப் பார்த்து எரிந்ததைவிட இது அதிகமாக எரிந்தது.

மறுநாள் காலை தன் செடிகளுக்கெல்லாம் தண்ணீர் ஊற்றினாள். மஞ்சள் பக்கெட்டைத் தாண்டிப் போனாள். பிறகு திரும்பி வந்து அதற்கும் ஊற்றினாள். ஊற்றும்போதும் பொறாமையாகத்தான் இருந்தது.