நிற்காத எஞ்சின்

என் மனைவிக்கு முதுகெலும்பில் கட்டி என்று பாண்டிச்சேரி ஆஸ்பத்திரியில் சொன்னபோது என்னிடம் ஒரு சின்ன கார் இருந்தது. எண்பதுகளின் நடுவில் ஒரு வருஷம். கார் வைத்திருந்தேன் என்றதும் பெரிய மனுஷன் என்று நினைத்துவிடாதீர்கள். விழுப்புரத்தில் பம்ப்செட் எஞ்சின் ரிப்பேர் செய்துகொண்டிருந்தவன் நான். யாரோ ஓட்டித் தேய்த்துக் கழித்துப்போட்ட கார் அது. பின்பக்கம் முழுசாக ஒரு கதவு, மேலே தூக்கித் திறக்கலாம். பின் சீட்டை மடக்கினால் ஒரு பம்ப்பும் நாலு குழாயும் தாராளமாக உள்ளே போகும். கிணற்றுமேட்டுக்குச் சாமான் ஏற்றிப்போகத்தான் அதை வாங்கினேன்.

அவளால் கால் மணி நேரத்துக்கு மேல் உட்கார முடியாது. ஒரே ஒரு தடவை பஸ்ஸில் கூட்டிக்கொண்டு போனேன். பாதி வழியிலேயே முகம் வெளுத்து, என் தோளில் சரிந்துவிட்டாள். அதற்குப் பிறகு நான் பஸ் பேச்சையே எடுக்கவில்லை. காரின் பின் சீட்டை மடக்கி, இலவம்பஞ்சு மெத்தையை விரித்து, பின்கதவு வழியாக அவளை ஏற்றிப் படுக்க வைத்தேன். தலை என் சீட்டுக்குப் பின்னால், கால் கதவுப் பக்கம்.

"பம்ப்செட்டு மாதிரி என்னையும் ஏத்திக்கினு கெளம்பிட்டீங்களா?" என்று சிரித்தாள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. பக்கத்து வீட்டு அக்கா முன்சீட்டில் ஏறிக்கொண்டாள். எங்களுக்குப் பிள்ளை இல்லை. ஆஸ்பத்திரியில் பெண்கள் பக்கம் கூட இருக்க ஒரு பொம்பளை வேண்டாமா என்று அவளாகவே வந்தாள்.

இரண்டாம் தடவை போய்த் திரும்பும்போது காரின் பெட்ரோல் எஞ்சின் செத்தது. வளவனூருக்குக் கொஞ்ச தூரம் முன்னால், இரண்டு பக்கமும் கரும்பு, உச்சி வெயில். கடகடவென்று ஒரு சத்தம், அவ்வளவுதான். பானெட்டைத் திறந்து பார்த்தால் உள்ளே ராடு உடைந்து, எஞ்சினின் வயிற்றைக் கிழித்துக்கொண்டு வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது. இனி அதைக் காயலான் கடைக்குத்தான் போட வேண்டும். இரண்டு மணி நேரம் அவள் அந்தத் தகரத்துக்குள் வெந்தாள். கடைசியில் கரும்பு ஏற்ற வந்த டிராக்டர்காரர் ஒருவர் கயிறு போட்டு எங்களை ஊர்வரை இழுத்து வந்தார். அவள் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை, தண்ணீர் மட்டும் கேட்டாள். நான்தான் கரும்புக் காட்டைப் பார்த்துக் கெட்ட வார்த்தையாகப் பேசிக்கொண்டிருந்தேன்.

அடுத்த மாதம் முதல் இருபத்தைந்து நாள் கரண்ட் வைக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். கதிர் சிகிச்சையை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம். ஞாயிற்றுக்கிழமை தவிர தினமும் போக வேண்டும். படுக்கை காலியில்லை, வீட்டிலிருந்தே வந்து போங்கள், நடுவில் மட்டும் விட்டுவிடாதீர்கள் என்றார். கட்டி சுருங்கினால் எழுந்து நடப்பாள். சுருங்காவிட்டால், என்று ஆரம்பித்தவர் முடிக்கவில்லை. என் கையில் பதினைந்து நாள் இருந்தது. அதற்குள் காருக்கு வேறு எஞ்சின் பார்த்தாக வேண்டும்.

திண்டிவனத்தில் மெட்ராஸ் ரோட்டோரம், அடிபட்ட வண்டிகளைப் பிரித்துப்போடும் கொட்டகை ஒன்று இருந்தது. எங்கள் ஊர் கார் மெக்கானிக்கைக் கூட்டிக்கொண்டு அங்கே போனேன். என்னைவிட வயதில் சின்னவர், அதிர்ந்து பேசாதவர். அந்தக் கொட்டகையில் எங்களுக்குத் தோதாக இரண்டு எஞ்சின் அகப்பட்டன. ஒன்று, என் கார் மாதிரியே வேறொரு காரிலிருந்து கழற்றிய பெட்ரோல் எஞ்சின். தூக்கி வைத்துப் போல்ட்டை முடுக்கினால் வேலை முடிந்தது. இன்னொன்று, சரக்கு டெம்போவிலிருந்து இறக்கிய இரண்டு சிலிண்டர் டீசல்.

டீசல் என்றால் வேலை அதிகம். என் காரில் எஞ்சின் முன்னால், ஓடுவது பின்சக்கரம். நடுவில் நீளமாக ஒரு ஷாஃப்ட். டெம்போ எஞ்சினைக் காரின் கியர்பாக்ஸோடு சேர்க்க நடுவில் ஒரு இரும்புத் தட்டு கடைய வேண்டும். கனத்துக்கு முன் ஸ்பிரிங்கைப் பலப்படுத்த வேண்டும். உயரத்துக்குப் பானெட்டை வெட்ட வேண்டும். இதையெல்லாம் மெக்கானிக் விரல் மடக்கிச் சொல்லிக்கொண்டே வந்தார். நான் காதில் போட்டுக்கொண்டால்தானே!

இரண்டையும் மரச் சட்டத்தில் ஏற்றி ஓட்டிக் காட்டினார்கள். பெட்ரோல் எஞ்சின் ஓடுவதே தெரியவில்லை. கையை வைத்துப் பார்த்தேன், பூனை மூச்சுவிடுகிற மாதிரி லேசாக இருந்தது. எனக்கு அதன் மேல் நம்பிக்கையே வரவில்லை. டீசலை ஸ்டார்ட் செய்ததும் கொட்டகைத் தகரமே அதிர்ந்தது, மரச் சட்டம் தரையில் நகர ஆரம்பித்தது. அடடா, என்ன சத்தம்! வாழ்நாள் முழுக்க அந்தச் சத்தத்தில் சோறு தின்றவன் நான். அந்த நேரமே முடிவு செய்துவிட்டேன்.

மெக்கானிக் என்னைத் தனியாக இழுத்துப்போனார். "ண்ணா, ஒண்ணு சொன்னா கோச்சிக்கக் கூடாது. ஆளு படுத்துக்கினு போற வண்டி. பெட்ரோலே போட்டுடலாம். டீசலு உதறும்ணா."

"உதறுனா இன்னா? ஓடுதா இல்லியா? பெட்ரோல நம்பி அன்னிக்கு வெயில்ல வெந்தது பத்தாதா? கார்பரேட்டர்ல ஒரு தூசி போனா நின்னுக்கும். நடுரோட்டுல நீ வந்து ஊதித் தருவியா?"

"அதுக்கில்லண்ணா. அவங்களுக்கு முதுகு..."

"யோவ், இருவது வருசமா டீசல் எஞ்சினோட குடும்பம் நடத்திக்கினு இருக்கேன். எனக்கே பாடம் எடுக்கிறியா?"

கோபம் எனக்கு எப்போதும் மூக்குக்கு மேல். அன்றைக்கு அந்தக் கோபத்துக்குள் பயம்தான் இருந்தது. வண்டி மறுபடி நின்றுபோனால் அவளை இழந்துவிடுவேன் என்ற பயம். அதை அவரிடம் சொல்லியிருக்கலாம். சொல்லத் தெரியவில்லை.

பதிமூன்று நாள் இரண்டு பேரும் ஊணுறக்கம் இல்லாமல் வேலை பார்த்தோம். அதிர்வைத் தாங்க எஞ்சினுக்கு அடியில் வைக்கிற ரப்பர் அந்த அளவில் எங்கேயும் கிடைக்கவில்லை. பழைய லாரி டயரை வெட்டி வைத்து முடுக்கினேன். முதன்முதலாக ஸ்டார்ட் செய்த அன்று தெருவே கூடிவிட்டது. அவளையும் கைத்தாங்கலாக வாசலுக்குக் கூட்டி வந்தார்கள்.

"சத்தமே சொல்லுதுங்க, நிக்காதுன்னு" என்றாள்.

எனக்குத் தலைகால் புரியவில்லை. பார்க்கிறவர்களிடமெல்லாம் அதைச் சொல்லிப் பீற்றிக்கொண்டேன்.

எஞ்சின் நிற்கத்தான் இல்லை. ஒரு நாள்கூட இல்லை. மணிக்கு முப்பத்தைந்து கிலோமீட்டருக்கு மேல் ஓட்டினால் ஸ்டியரிங் கையில் நிற்காது என்பதால் மெதுவாகவே போனோம். போக வர மூன்று மணி நேரம் ஆகும். பின்னால் அவள் சத்தம் போடாமல் கிடப்பாள். நான் சத்தமாக, "இன்னா, எப்டி இருக்கு?" என்று கேட்பேன். "நல்லா கீதுங்க" என்று பதில் வரும். எனக்கு அது போதும்.

வழியில் ஒரு ரயில்வே கேட். மூடிவிட்டால் இருபது நிமிஷம், அரை மணி என்று ஆகும். கார், லாரி எல்லாம் எஞ்சினை அணைத்துவிட்டு நிற்கும். நான் மட்டும் அணைக்க மாட்டேன். பம்ப்செட்காரன் புத்தி அது. டீசல் எஞ்சின் ஒரு தடவை பிடித்துக்கொண்டால் கடைசி வயல் பாயும்வரை அதை நிறுத்தக் கூடாது, நிறுத்தினால் மறுபடி பிடிக்காது என்பது எங்கள் தொழிலில் வேதவாக்கு மாதிரி. சின்ன கார் பேட்டரி, பெரிய எஞ்சின் என்பதால் எனக்கு இன்னும் பயம். ஓடுகிற வண்டியில் இருக்கும் உதறலைவிட நிற்கிற வண்டியில் உதறல் அதிகம். கண்ணாடியெல்லாம் கிடுகிடுவென்று ஆடும்.

மூன்றாம் நாளோ நாலாம் நாளோ, கேட்டில் நிற்கும்போது அவள் பின்னாலிருந்து சொன்னாள். "ஏங்க, கொஞ்சம் ஆஃப் பண்ணுங்களேன்."

"ஆஃப் பண்ணி? திரும்ப ஸ்டார்ட் ஆவலன்னா யாரு தள்றது, நீ எறங்கித் தள்றியா? சும்மா படு."

அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தாள். என் மனைவி அதற்குப் பிறகு அதைக் கேட்கவில்லை.

பதினேழு நாள் போனோம். பதினெட்டாம் நாள் காலையில் நான் எண்ணெய் பார்த்து, தண்ணீர் ஊற்றி, வண்டியை வாசலில் கொண்டுவந்து நிறுத்திவிட்டு உள்ளே போனால் அவள் எழுந்திருக்கவில்லை.

"நான் வரலைங்க."

"ஏன், இன்னா ஆச்சு?"

"எனக்குத் தேவல. வலி கொறஞ்சிப்பூச்சி. இன்னும் எதுக்குக் கரண்ட்டு?"

நல்லபடியாகச் சொன்னேன். இன்னும் எட்டே நாள்தானே என்று கெஞ்சினேன். அசையவில்லை. எனக்கு வந்ததே ஆத்திரம். "உனுக்காக ஒரு எஞ்சினையே மாத்தி வெச்சிருக்கேன். நாயா பேயா அலைஞ்சேன். நீ இன்னாடான்னா நோகாம வரலன்றே!" என்று கத்தினேன். தெருவுக்கே கேட்டிருக்கும்.

அவள் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டாள். "எஞ்சினு நல்லாதாங்க கீது. நான் எஞ்சின குறையே சொல்லலியே."

சாவியைச் சுவரில் விட்டெறிந்துவிட்டு வெளியே போனேன். எஞ்சினில் குறை என்று யாரும் சொல்லாதபோது அவள் ஏன் அந்தப் பேச்சை எடுத்தாள் என்று ஒரு நிமிஷம் யோசித்திருந்தால் போதும். மடையன், யோசிக்கவில்லை. மறுநாள் தனியாக அந்த வண்டியிலேயே போய் டாக்டரைப் பார்த்தேன். எப்படியாவது கூட்டி வாருங்கள் என்றார். தினமும் காலையில் கேட்டேன். தினமும் தேவலை என்றாள். மூன்று வாரத்தில் அவளுக்குக் கால் இரண்டும் மரத்துப்போயின. ஐப்பசி மழையில் போய்ச் சேர்ந்தாள்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து உறவுக்காரர்கள் கிளம்பிப் போனார்கள். பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த அக்கா கையைத் துடைத்துக்கொண்டு வந்து என் எதிரில் உட்கார்ந்தாள். "தம்பி, இத்த மனசுல வெச்சிக்கினு என்னால இருக்க முடியல. உங்ககிட்ட சொல்ல மாட்டேன்னு அவளுக்குச் சத்தியம் பண்ணிட்டேன். இருந்தாலும் சொல்றேன்."

நான் நிமிர்ந்தேன்.

"அவ கரண்ட்டு வேணான்னு சொல்லல தம்பி. அந்த வண்டிதான் வேணான்னா. அதுல படுத்தா முதுகுல உளி வெச்சி அடிக்கிற மாதிரி கீதுக்கான்னு அழுவா. வாயில துண்ட அடைச்சிக்குவா. நான் திரும்பிப் பாத்தா, சொல்லாதன்னு கைய காட்டுவா. அத்தினி ஆசையா பண்ணி வெச்சிருக்காரு, சொன்னா மனுசன் ஒடைஞ்சிப்பூடுவாருன்னா."

எனக்கு முதலில் வந்தது கோபம்தான். "என்னாண்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம் இல்ல? வேற வண்டி வெச்சிருப்பேனே! அந்த எஞ்சினக் கழட்டி ஏரியில போட்டிருப்பேனே!"

"சொன்னாளே தம்பி. ரயில்வே கேட்டாண்ட ஒரு நாள் சொன்னாளே" என்றாள் அக்கா.

எழுந்து வாசலுக்குப் போய்க் காரை ஸ்டார்ட் செய்தேன். ஒரே பிடியில் பிடித்துக்கொண்டது. ஓடுகிற எஞ்சினை அப்படியே விட்டுவிட்டு, பின்கதவைத் தூக்கி உள்ளே ஏறினேன். எத்தனையோ தடவை அடியில் படுத்து அந்தக் காருக்கு வேலை பார்த்திருக்கிறேன். உள்ளே படுத்தது அதுதான் முதல் தடவை. மெத்தையை அவளோடு சுடுகாட்டுக்கு அனுப்பிவிட்டிருந்தோம், அதனால் ஒரு போர்வையை மடித்துப் போட்டுக்கொண்டேன். தலை சீட்டுக்குப் பின்னால், கால் கதவுப் பக்கம்.

வண்டி நின்ற இடத்தில்தான் நின்றது. மேடு இல்லை, பள்ளம் இல்லை. ஆனாலும் இடுப்பிலிருந்து பிடரிவரை ஒவ்வொரு எலும்பாகத் தட்டிக்கொண்டே வந்தது. பல் கிட்டிக்கொண்டது, கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. எனக்கு முதுகில் ஒரு நோவும் கிடையாது. முடிந்த மட்டும் படுத்திருந்துவிட்டு எழுந்து வந்தேன்.

அக்கா வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். எவ்வளவு நேரம் படுத்திருந்தேன் என்று அவளைக் கேட்டேன்.

"ரெண்டு நிமிசம் இருக்கும் தம்பி" என்றாள்.