ஒரு கைக்கு அடங்கிய மெஷின்

இந்த ஊரில் வெயில் ஏறிவிட்டால் ஸ்பேனர்களைத் தண்ணீர் வாளிக்குள் போட்டு வைப்போம். இரும்பு அவ்வளவு சுடும். சொட்டச் சொட்ட எடுத்து, நட்டைத் திருகி, கை பொறுக்காமல் போனதும் மறுபடி வாளிக்குள் போட வேண்டும். ஏற்காட்டில் பிறந்து வளர்ந்தவனுக்கு முதலில் இது வேடிக்கையாகத்தான் இருந்தது. எங்கள் பக்கம் மார்கழிக் காலையில் கிளை வெட்டும் கவாத்துக் கத்தியை அடுப்போரம் காட்டி, குளிர் போக்கிக்கொண்டு தோட்டத்துக்குப் போவார்கள். இங்கே வந்து பத்து வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. இப்போது அந்த வாளியைப் பார்த்தாலே எனக்கு எரிச்சல் வருகிறது.

வளைகுடாவில், ஓர் எண்ணெய் ஆலையில், சாரம் கட்டுவது என் வேலை. ஊரில் சாரம் என்றால் சவுக்குக் கட்டையும் கயிறும். இங்கே இரும்புக் குழாய்கள். குழாயும் குழாயும் சேரும் இடத்தில் ஒரு கிளாம்பைப் போட்டு நட்டை முறுக்க வேண்டும். குழாயையும் கிளாம்பையும் ஒருவன் தாங்கிப் பிடிப்பான், இன்னொருவன் முறுக்குவான். எங்கள் குழுவில் எட்டுப் பேர், நான்கு ஜோடி. எட்டுப் பேருக்கும் மேஸ்திரி மாதிரி என்னை வைத்திருந்தார்கள். அதற்கு அடையாளமாக என் தொப்பிக்கு மட்டும் வேறு நிறம். என் ஜோடி அருளப்பன்; அவன் பிடிப்பான், நான் முறுக்குவேன். என் தங்கை ஸ்டெல்லாவின் கணவன், மாரமங்கலத்துக்காரன். விசாவுக்கு நாயாய் அலைந்து அவனை இங்கே கொண்டு வந்தவன் நான்தான்.

எங்கள் சூப்பர்வைசர் ஒரு வெள்ளைக்காரன். எங்களில் யாருடைய பெயரையும் அவன் கற்றுக்கொண்டதில்லை. கூப்பிட வேண்டுமென்றால் குழாயில் ஸ்பேனரால் தட்டுவான். மாட்டுக்குக்கூட எங்கள் ஊரில் பெயர் உண்டு. அப்படிப்பட்டவன் ஒருநாள் இரண்டு பெட்டிகளைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தான். உள்ளே இம்பாக்ட் ரென்ச் இரண்டு இருந்தன. நட்டை அடித்து அடித்து முறுக்குகிற மெஷின். வயர் கிடையாது, பேட்டரியில் ஓடும். ஒன்று பெரியது, ஒன்று சின்னது. ஒரு வாரம் இரண்டையும் ஓட்டிப் பார்த்து எது நல்லது என்று நான் சொல்ல வேண்டும், அதையே கம்பெனி வாங்கும் என்றான். பத்து வருஷத்தில் ஒரு வெள்ளைக்காரன் என்னிடம் கருத்துக் கேட்டது அதுதான் முதல் தடவை. எனக்குத் தலைகால் புரியவில்லை. அந்த வாரம் முழுக்க நான் நடந்த நடையை இப்போது நினைத்தால் என்னை நானே அறையலாம் போலிருக்கிறது.

பெரிய மெஷினுக்குப் பேய் பலம். விசையை அழுத்தினால் மணிக்கட்டையே முறுக்கப் பார்க்கும். இரண்டு கையாலும் பிடித்தாக வேண்டும். கொஞ்சம் ஏமாந்தால் நட்டு மிதமிஞ்சி இறுகி, போல்ட்டின் மரையைத் தின்றுவிடும். ஆனால் ஒரு தடவை சார்ஜ் போட்டால் மத்தியானம் வரை தாங்கியது. சின்னதன் பேட்டரி பத்து மணிக்கே மூச்சு வாங்கியது. வேகமும் மட்டு. இருந்தும் அது ஒரு கைக்குள் அடங்கியது. சாரத்தின் மூன்றாவது தட்டில் நின்று இடது கையால் குழாயைப் பற்றிக்கொண்டு வலது கையால் நட்டை முறுக்கியபோது, என் மனம் அங்கேயே முடிவு செய்துவிட்டது.

ஏன் என்று ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, மற்றவர்களுக்குச் சொல்கிறேன். ஏற்காட்டு மலையில் வாழவந்திப் பக்கம் காப்பித் தோட்டங்களில் நிழலுக்கு சில்வர் ஓக் மரங்களை வளர்த்து, அவற்றின் மேல் மிளகுக் கொடியை ஏற்றியிருப்பார்கள். பதினாறு வயதில் நான் மிளகு பறிக்க அந்த மரங்களில் ஏறினேன். மேலே போனால் ஒரு கை மரத்தை விடவே கூடாது. வெள்ளக்கடையிலிருந்து வந்த ஒருவர், சிக்கிய கொடியை எடுக்க இரண்டு கையையும் நீட்டியதை நான் அடுத்த மரத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். விழுந்த சத்தத்தையும் கேட்டேன். எஸ்டேட் கணக்கு எழுதும் ரைட்டர் வந்து முதலில் கேட்டது கொடி அறுந்ததா என்றுதான். அன்றைக்கு என் இடது கைக்கு வந்த பயம் இன்னும் போகவில்லை. இங்கே இடுப்பில் பெல்ட் கட்டி, கொக்கியைக் குழாயில் மாட்டி, இரண்டு கையையும் வீசி வேலை செய்கிறார்கள். நானும் கொக்கியை மாட்டுகிறேன், ஆனால் நம்புவது கையைத்தான். எங்கள் மலைக்காரர்கள் எல்லாருமே அப்படித்தான். அதனால் ஒரு கை மெஷினே எங்கள் உயிருக்கு நல்லது என்று நினைத்தேன்.

அருளப்பன் மட்டும் வேண்டாம் என்றான். சாப்பாட்டு நேரத்தில், மற்ற ஆறு பேரும் கேட்டுக்கொண்டிருக்க, மெதுவாகத்தான் சொன்னான்.

"மச்சா, பெருசையே சொல்லிப்போடுங்க. அதுக்குன்னா ரெண்டு ஆளு வேணுமுங்க."

எனக்குச் சுருக்கென்றது. நான் ஒரு வாரமாகக் கண்டுபிடித்ததை இவன் ஒரு வாய்ச் சோற்றோடு தள்ளிவிடுகிறானே என்று கோபம்.

"சும்மா புடிச்சுக்கிட்டே நிக்கலாம்னு பாக்கறீங்களாக்கு, மாப்ள? மொதல்ல வேலையில மேல வர்ற வழியப் பாருங்க" என்றேன்.

எல்லாரும் சிரித்தார்கள். தங்கை வீட்டுக்காரரிடம் நாலு பேர் முன்னால் அப்படிப் பேசுவது எங்கள் பக்கம் வழக்கமே இல்லை. அவன் டிபன் பாக்ஸை மூடிக்கொண்டு எழுந்து போனான்.

மறுநாள் சூப்பர்வைசர் கேட்டான். "விச் ஒன்?"

"திஸ் ஒன் சார்" என்று சின்னதைத் தூக்கிக் காட்டினேன். "ஒன் ஹேண்ட் சார். வெரி சேஃப்." ஒரு கையால் குழாயைப் பிடித்து, மறு கையால் நட்டை முறுக்கியும் காட்டினேன். அவன் இன்னொரு தடவை செய்யச் சொன்னான், செய்தேன். இந்தத் தடவை கிளாம்பையும் அதே இடது கையால் அணைத்துப் பிடிக்கச் சொன்னான். அதையும் செய்தேன். அவன் முகம் மலர்ந்து என் தோளில் தட்டினான். என் சாமர்த்தியத்துக்குக் கிடைத்த பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன். நான் சேஃப் என்று சொன்னது அவன் காதில் ஏறவே இல்லை. கிளாம்பைப் பிடிக்கத் தனி ஆள் தேவையில்லை என்பதைத்தான் அவன் பார்த்தான். அதைச் செய்து காட்டியது நான்.

நான்கு சின்ன மெஷின்கள் வந்தன. அந்த மாதக் கடைசியில் நான்கு பேருக்கு ஊர் திரும்ப டிக்கெட் வந்தது. நான்கு பேரும் பிடிக்கிற ஆட்கள். ஓடிப்போய் ஆபீஸ் வாசலில் நின்றேன். "சார், மை சிஸ்டர் ஹஸ்பண்ட்" என்றேன். அவன் பேப்பரிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "யூ சோஸ் இட்" என்றான். தேர்ந்தெடுத்தவன் நீதானே என்கிறான். மனிதனைத் தேர்ந்தெடுக்கச் சொன்னாயா, மெஷினைத்தானே கேட்டாய் பாவி, என்று கத்த வேண்டும் போல இருந்தது. அதற்கு வேண்டிய இங்கிலீஷ் என்னிடம் இல்லை. எஸ்டேட்டும் ஒன்றும் தர்மசத்திரம் அல்ல. ஆனால் அங்கே ரைட்டரிடம் சண்டை போட எனக்கு ஒரு பாஷையாவது இருந்தது. அருளப்பன் பெட்டி கட்டும்போது நான் உதவப் போனேன். என் கையிலிருந்து கயிற்றை வாங்கி அவனே கட்டினான்.

ஏழு மாதம் கழித்து லீவில் போனேன். அதற்குள் கதை எனக்கு முன்னால் மலை ஏறிவிட்டது. ஏற்காட்டில் பஸ் மாறுகிற இடத்தில் டீ குடிக்க நின்றேன். கடைக்காரர் சேலத்திலிருந்து வந்து கடை போட்டவர், எனக்கு வெறும் முகப்பழக்கம்தான். டீயை நீட்டிக்கொண்டே கேட்டார்.

"ஏனுங்க, அந்த மிசின நீங்களே பொறுக்குனீங்களாமா? சின்னதா இருந்தாலும் நொம்ப வேல செய்யுமாமுங்களே?"

பக்கத்தில் நின்ற இரண்டு பேர் கிளாஸுக்குள் சிரித்தார்கள். அங்கே பெயரில்லாதவன், இங்கே மெஷின் பொறுக்கியவன் என்று பெயர். டீயைப் பாதியில் வைத்துவிட்டு நடந்தேன். குத்தலை மட்டும் இவ்வளவு மரியாதையாகச் செய்ய எங்கள் ஜில்லாக்காரர்களை விட்டால் ஆள் இல்லை.

மாரமங்கலத்தில் தங்கை வீட்டில் அது இன்னும் மோசம். நான் நேரே சமையல்கட்டுக்குள் போய் முக்காலியை இழுத்துப் போட்டு உட்காருகிறவன். ஸ்டெல்லா வாசலிலேயே பிளாஸ்டிக் சேரைப் போட்டு, "ஊட்டுக்கு வந்தவங்கள நிக்க வெக்கக் கூடாதுங்ணா, உக்காருங்க" என்றாள். பாதிரியார் வந்தால் எடுக்கிற கப்பு சாஸரில் காப்பி வந்தது. வெளிநாட்டு சோப்பையும் துணியையும் எடுத்து வைத்தேன். அவள் தொடவில்லை. "எப்பங்ணா திரும்பிப் போறீங்க?" என்று மட்டும் கேட்டாள். அழுதிருந்தால், திட்டியிருந்தால், செருப்பைத் தூக்கி எறிந்திருந்தால்கூட வாங்கிக்கொண்டிருப்பேன். ஒரு மாதத்தில் நான்கு தடவை போனேன், நான்கு தடவையும் அதே சேர், அதே கப்பு. நான் போகும்போதெல்லாம் அருளப்பன் தோட்டத்தில் இருந்தான்.

கிளம்புகிற அன்று காலை நானே தோட்டத்துக்குப் போனேன். குத்தகைக்கு எடுத்த மரங்களில் அவன் தனியாக மிளகு பறித்துக்கொண்டிருந்தான். மரத்தில் ஒற்றை மூங்கிலில் கணுக்களையே படியாக விட்ட ஏணி சாத்தியிருந்தது. அதைப் பிடித்துக்கொள்ள ஆள் இல்லை. அவன் காலை மாற்றி வைக்கும்போதெல்லாம் ஏணி பாதி வட்டம் சுழன்றது. பையைக் கீழே வைத்துவிட்டு ஓடிப்போய்ப் பிடித்தேன்.

"நீங்க சொன்னதுதான் சரிங்க, மாப்ள. தப்பு என்னுதுங்க" என்றேன்.

மேலே கை நின்றது. என்னைப் பார்த்தான், ஏணியைப் பார்த்தான். பிறகு மரத்தின் மறுபக்கம் தாவி, வெட்டிய கிளைகளின் மொட்டையில் கால் வைத்து வைத்துக் கீழே இறங்கினான். தன் பையில் நிறைந்திருந்த மிளகைச் சாக்கில் கொட்டினான். அடுத்த மரத்துக்குப் போய், ஏணி இல்லாமலே ஏறத் தொடங்கினான்.

கீழே ரோட்டில் பஸ் ஹார்ன் அடித்தது. அதைவிட்டால் எனக்கு விமானம் போய்விடும். நான் ஆளில்லாத ஏணியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றேன்.