தேஹம் காது

ரிடையர் ஆனதும் சென்னையைக் காலி செய்துவிட்டு, ஆந்திராவில் திருப்பதிக்குப் பக்கத்திலிருக்கும் என் சொந்த ஊரான புத்தூருக்கே வந்துவிட்டோம். எனக்குத் தமிழும் தெலுங்கும் ஒரே வாயில் வரும். கும்பகோணத்துக்காரியான என் மனைவிக்குத் தெலுங்கில் ஒரு வார்த்தை தெரியாது. என் ஞானம் கெட்டது அங்கேதான்.

ஞாயிற்றுக்கிழமைகளில் ரயிலேறித் திருப்பதிக்கு அத்வைத வகுப்புக்குப் போவேன். குருவுகாரு கொடுத்த பாடம்: "நேனு தேஹம் காது, நேனு மனசு காது." நான் தேகம் அல்ல, மனசு அல்ல. தெலுங்கில் 'காது' என்றால் 'அல்ல'. அல்லாததையெல்லாம் கழித்துக்கொண்டே போனால் மிஞ்சுவது நான்.

கழிப்பதில் நான் கெட்டிக்காரன். ஒரு நாள் என் இடது பக்கத்து ஆசாமி, அவருடைய நாற்காலியில் நான் உட்கார்ந்துவிட்டதாகச் சொல்லி வகுப்பு நடக்கிறதே என்று தணிந்த குரலில் ஐந்து நிமிஷம் என்னைத் திட்டியிருக்கிறார். நான் புன்னகை மாறாமல் இருந்தேனாம். குருவுகாரு உருகிப்போனார். "சூடண்டி, இதே சாக்ஷி பாவம்!" பாருங்கள், சாட்சியாக நிற்பது என்றால் இதுதான் என்று எல்லோருக்கும் என்னைக் காட்டினார். அடுத்த ஞாயிறு, புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு என் அனுபவத்தை நானே சொல்லவேண்டும் என்றும் உத்தரவு.

எனக்குக் கால் தரையில் பாவவில்லை. தேகம் நானில்லை என்று பேசப்போகிறவன், அந்தத் தேகத்துக்குப் புது ஜிப்பா தைக்கக் கொடுத்தேன்.

மறுநாள் கண்ணை மூடி "தேஹம் காது, மனசு காது" என்று முணுமுணுத்துக்கொண்டிருந்தபோது காதுக்குள் வெதுவெதுப்பாக எதுவோ இறங்கியது. அலறி எழுந்தால், பூண்டு காய்ச்சிய நல்லெண்ணெயோடு மனைவி.

"எத்தனை நாளா காது காதுன்னு அனத்துறீங்க! வலிக்குதுன்னு சொன்னா குறைஞ்சா போயிடுவீங்க?"

"இன்னாடி நீ! நான் வேதாந்தம் சொல்லிக்கினு இருக்கேன். காதுன்னா இல்லேன்னு அர்த்தம்."

"அதைத்தாங்க நானும் சொல்றேன். மூணு தடவை கூப்பிட்டாலும் திரும்புறதில்லை. உங்களுக்குக் காது இல்லை."

எண்ணெயைத் துடைத்துக்கொண்டு டாக்டரிடம் போனேன். சத்தம் கேட்டால் கையைத் தூக்கச் சொன்னார். வலது காதுக்கு வஞ்சனையில்லாமல் தூக்கினேன். இடது காதுக்கு எப்போது ஆரம்பிப்பார் என்று உட்கார்ந்திருந்தேன்.

"அது முடிஞ்சிபோச்சி சார்" என்றார்.

இடது காது முக்கால்வாசி போய் ரொம்ப நாளாகிறதாம். ஆக, நாற்காலிக்காரர் திட்டியது எனக்குக் கேட்கவே இல்லை. சாட்சி தயாராகத்தான் இருந்தான். சம்பவம்தான் வந்து சேரவில்லை.

கூட வந்திருந்த மனைவி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "இதை அங்க சொல்லுவீங்களா?"

"பைத்தியமா எனக்கு?"

ஞாயிறன்று புது ஜிப்பா, இடது காதில் புது மிஷின். பேச எழுந்தேன். இடது பக்கத்திலிருந்து நாற்காலிக்காரர் யாரிடமோ சொன்னது கணீரென்று விழுந்தது: "ஈ அரவாயனக்கி ஏம் தெலுசு!" இந்தத் தமிழ் ஆளுக்கு என்ன தெரியும் என்று.

"இன்னாய்யா சொன்ன?" என்று நான் கத்தியதில் குருவுகாருவின் கண்ணாடி மூக்கிலிருந்து நழுவியது.

அறையே என்னைப் பார்த்தது. வேறு வழியில்லை. மிஷினைக் கழற்றிக் காட்டினேன். "குருவுகாரு, அன்னைக்கு நடந்தது சாக்ஷி காது." காதைத் தொட்டேன். "வெறும் காது."

பின்வரிசையில் இருந்த, தமிழும் தெரிந்த நகரிக்காரர்கள் இரண்டு பேர் மட்டும் சிரித்தார்கள். மற்றவர்களுக்கு விளக்கிச் சொல்லவேண்டியிருந்தது. சொல்லச் சொல்ல நாற்காலிக்காரர் முகம்தான் வாடிப்போனது.

"அன்னி திட்லு வேஸ்ட்டேனா?" அத்தனை திட்டும் வீணா என்று கேட்டார்.

அடுத்த வாரத்திலிருந்து அவர் என் வலது பக்கம் உட்காருகிறார்.